மேல்பாடியில் விழுந்த ஒரு ஓட்டு

சில வருடங்களுக்கு முன்பு, எங்கள் பக்கம் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்த சமயம் அது. நீலகிரியில் சேரம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் கொழுந்து பறிக்கிறேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் வீட்டு வரிசையை இங்கே பாடி என்போம். எங்கள் எஸ்டேட்டில் இரண்டு பாடிகள். மேட்டில் இருப்பது மேல்பாடி, ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பது கீழ்பாடி. நான் கீழ்பாடியில் பிறந்து மேல்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னாலே போதும், "ஐயோ பாவம்" என்பார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு பாடிக்காரர்களும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள்தான். ஒரே மாதிரி சாப்பாடு, ஒரே சாமி, ஒரே கங்காணியிடம் ஒரே மாதிரி திட்டு. ஓட்டு மட்டும் வேறு வேறு. என் அப்பா காலத்தில் ஒரு வேலைநிறுத்தம் நடந்ததாம். கீழ்பாடி பாதியிலேயே வேலைக்குத் திரும்பிவிட்டது என்று மேல்பாடி சொல்லும். மேல்பாடிதான் ஆபீசில் ரகசியமாகப் பேசி முடித்தது என்று கீழ்பாடி சொல்லும். அதோடு சங்கம் இரண்டாகிப் போனது. சங்கம் எந்தக் கட்சியோ, பாடியும் அந்தக் கட்சி. கொள்கை அது இது என்று யாரும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த வேலைநிறுத்தத்தைப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது உயிரோடுகூட இல்லை. ஆனால் ஓட்டு மட்டும் ஒன்றுகூட இடம் மாறாமல் விழுந்துகொண்டிருந்தது. தேர்தல் வந்தால் மேல்பாடியில் யாரும் வீடு வீடாக ஏறிக் கேட்பதுகூட இல்லை. "அந்தப் பெட்டி பூட்டும்போதே நம்மளுது" என்பார்கள்.

இதில் என் கணவர் மேல்பாடிக்குச் சங்கத் தலைவர். அந்தத் தேர்தலில் பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு எதிர்ப்பக்கம் நின்றது யார் தெரியுமா? என் சொந்த அண்ணன்.

அண்ணன் வயரிங் வேலை பார்ப்பவன். கட்சியில் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. வேறு ஆள் கிடைக்காமல் அவனை நிறுத்தினார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அவனோ ஜெயித்தே விடுவோம் என்று நம்பினான். பூட்டு சாவி சின்னம் கிடைத்ததும் ஒரு நிஜப் பூட்டையே வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தான். கடைத்தெருவில் பார்த்தபோது, "மேல்பாடி நமக்கு விழாது, அது சாரமில்ல. நீ இருக்கல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். சாரமில்லை என்றால் எங்கள் பக்கம் பரவாயில்லை என்று அர்த்தம், மலையாளத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பேச்சு. நான் தலையை ஆட்டி வைத்தேன். எந்த அர்த்தத்தில் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

மேல்பாடியில் ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் பாடி மாரியம்மன் கோயிலில் எல்லாரும் கூடுவோம். தட்டில் கற்பூரம் ஏற்றி, "பாடி ஓட்டு பிரியாது" என்று தலைவர் சொல்ல, எல்லாரும் கும்பிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அம்மன் முன்னால் கும்பிட்டபிறகு யாருக்கும் கை மாறாது. அந்த வருடம் அதைச் சொன்னது என் கணவர். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் நின்று கும்பிட்டது நான். பின்வாங்கி நிற்கலாம் என்றால் அத்தனை கண்ணும் என் மேல்தான் இருந்தது.

மறுநாள் எஸ்டேட் ஸ்கூலில் ஓட்டு. அன்றைக்கு லீவு என்பதால் வரிசையில் ஒரே கேலியும் சிரிப்பும். "ஒனக்குப் பேரு இருக்கா, இல்ல அரைப் பேரா?" என்று ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டிருந்தார்கள். எஸ்டேட்டில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு நேரம் கழித்துப் போனால் "பேர் இல்ல, போ" என்று திருப்பிவிடுவார்கள். அளவு குறைவாகப் பறித்தால் அரைப் பேர். விரலில் மை வைத்த அம்மாவும் சிரித்தார். எங்கள் எல்லார் விரலும் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துத்தான் கிடக்கும். அந்தக் கறுப்பின் மேல் மை வைத்தால் கண்ணுக்கே தெரியவில்லை. நகத்தில் மட்டும்தான் கோடு பிடித்தது.

உள்ளே அட்டை மறைப்புக்குப் பின்னால் போய்ச் சீட்டுகளை விரித்தேன். தலைவர் பதவிக்கான சீட்டில் பூட்டு சாவி இருந்தது. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்தவன் அவன். முத்திரையை அங்கே கொண்டுபோய்விட்டு, கற்பூரத் தட்டு நினைவுக்கு வந்து, எடுத்து எதிர்ச் சின்னத்தில் குத்திவிட்டு வந்துவிட்டேன். வெளியே வந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெயில் என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து வார்டு வார்டாக எண்ணினார்கள். மேல்பாடி ஒரு வார்டு, கீழ்பாடி வேறு வார்டு. அண்ணன் தோற்றுவிட்டான், அதுவும் நன்றாகவே தோற்றான். ஜெயித்தவர் கடைத்தெருக்காரர் ஒருவர், மேல்பாடி ஆதரித்த ஆள். எங்கள் ஆட்கள் வெடி வெடித்துக் கொண்டாட வேண்டிய நேரம். ஆனால் எண்ணும் இடத்திலிருந்து திரும்பியவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மேல்பாடி வார்டில் பூட்டு சாவிக்கு ஒரு ஓட்டு விழுந்திருந்தது. ஒரே ஒரு ஓட்டு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஓட்டு யாருடையது என்று பாடியில் எவரும் யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? கீழ்பாடியில் பிறந்தவள், வேட்பாளரின் தங்கை, ஒருத்திதானே இருக்கிறாள்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். தோற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மேல்பாடில ஒன்னு விழுந்துச்சு. நீ போட்டன்னு அங்கயே எல்லாருகிட்டயும் சொன்னேன். எனக்கு அது போதும்" என்றான். இல்லை அண்ணா என்று சொல்ல வாய் வரவில்லை. "சரிண்ணே, சாப்பிட்டியா" என்று கேட்டு வைத்துவிட்டேன். போனை வைத்தபிறகு என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

என் கணவர் நல்ல மனிதர். கத்தவில்லை, கேள்விகூடக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், நான் போடவில்லை என்று. "சரி" என்றார். நம்பாதவர்கள் சொல்கிற சரி அது. பிறகு, "நீ போட்டிருந்தாலும் எனக்கு ஒன்னும் இல்ல. ஆனா நாளைக்குக் கோயில்ல வெச்சுக் கேப்பாங்க" என்றார்.

கேட்கப்போவது யார் என்றும் எனக்குத் தெரியும். சங்கத்துப் பொருளாளர். அவருக்கு என் கணவரின் தலைவர் பதவி மேல் ரொம்ப நாளாகக் கண். "தலைவர் ஊட்டுக் கூரையிலயே ஓட்டை" என்று டீக்கடையில் அன்றைக்கே சொல்லிச் சிரித்திருக்கிறார். அவருக்கு வேண்டியது ஓட்டு இல்லை, அந்த ஓட்டைதான்.

மறுநாள் கொழுந்தை எடை போட்டு முடிந்ததும், பாதிப் பேர் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கோயிலுக்கு வந்துவிட்டார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது. பொருளாளர் ரொம்ப அன்பாகத்தான் பேசினார். "தங்கச்சி, யாரும் ஒன்ன சந்தேகப்படல. ஒரு சூடத்த அணைச்சு, நான் போடலன்னு சொல்லிட்டா எல்லாரு மனசும் தெளிஞ்சிரும்" என்றார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் போடவில்லை என்பது சத்தியமான உண்மை. அணைத்துவிட்டுப் போவதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நான் கற்பூரத்தை அணைத்தால், அந்தச் செய்தி உலை கொதிக்கும் முன்னால் ஓடையைத் தாண்டிவிடும். கூடப்பிறந்த தங்கச்சியே ஓட்டுப் போடவில்லை, அதையும் கோயிலில் நின்று சத்தியம் செய்து சொன்னாள் என்று கீழ்பாடி முழுக்கப் பேசும். எனக்கு அது போதும் என்று சொன்ன அண்ணன் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பேன்? அணைக்காமல் நின்றாலோ, போட்டது நான்தான் என்று ஆகிவிடும். என் கணவர் தலைநிமிர்ந்து பாடியில் நடக்க முடியாது. ஒரு கை பிறந்த வீட்டில், ஒரு கை புகுந்த வீட்டில். எந்தக் கையை வெட்டிக்கொள்வது?

பூசாரி தட்டில் கற்பூரத்தை வைத்துத் தீப்பெட்டியைத் தேடினார். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்.

"சூடத்த வீணாக்காதீங்க. அந்த ஓட்டு நான் போட்டது."

எதிர் வீட்டு அக்கா. இவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் இறந்தபிறகு வேறொரு எஸ்டேட்டிலிருந்து வேலைக்கு வந்தவள். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். எனக்கும் இவளுக்கும் ஒரு வருடத்துக்கு மேலாகப் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் கவாத்து விறகு. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது கிடைக்கும் குச்சியை இரண்டு வீட்டுக்கும் நடுவில் அடுக்குவோம். என் அடுக்கு அவள் பக்கம் ஒரு சாண் வந்துவிட்டதாம். அதிலிருந்து என்னைத் திட்ட வேண்டுமென்றால் அவள் தன் கோழியைத் திட்டுவாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை, எங்கள் வீட்டு நாயைத் திட்டுவது போலப் பதில் சொல்லுவேன்.

அந்த அக்காதான், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் முன்னால் வந்து நின்றாள். பொருளாளருக்கு முகம் சுண்டிப்போனது. "ஓட்டுக்கு முந்துன நாளு சாமி முன்னால கும்பிட்டுட்டு…" என்று ஆரம்பித்தார்.

"கும்பிட்டேன். கக்கூஸ் போற வழியில ஆனை நிக்கிது, ஒரு லைட்டுப் போட்டுக் குடுங்கன்னு கேட்டப்ப நீங்களுந்தான் தலையாட்டுனீங்க. யாரு வந்து போட்டா? கீழ்பாடிக்காரன்தான் வந்து வயர் இழுத்து பல்பு மாட்டுனான். அவனுக்குப் போட்டேன். இந்தா, மை வெச்ச கை இதுதான், என்ன செய்யணுமோ செய்யுங்க" என்று இடது கையை நீட்டினாள். கறை பிடித்துக் கறுத்த கை. அந்த மங்கலில் அதில் யார் என்ன பார்க்க முடியும்?

பல்பு விஷயம் உண்மைதான். அண்ணன் வந்து மாட்டிக் கொடுத்தது பாடிக்கே தெரியும். பெண்கள் பக்கத்திலிருந்து, "அது என்னமோ வாஸ்தவந்தான்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பொருளாளரின் கணக்குத் தப்பிப்போனது. தலைவர் பெண்டாட்டி என்றால் அதை வைத்துத் தலைவரைக் கவிழ்க்கலாம். தனியாக இருக்கிற ஒரு பெண்ணை வைத்து யாரைக் கவிழ்ப்பது? கும்பிட்டதை மீறினதுக்கு அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிடு என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள். என் கணவர் அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "நீ சொன்னத நம்பியிருக்கணும்" என்று வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார். எனக்கு அந்த ஒரு வார்த்தையில் இரண்டு நாள் பாரமும் இறங்கியது.

சரி, அண்ணனுக்கு உண்மை தெரிந்திருக்குமே என்று அடுத்த பயம் வந்தது. அதுவும் நடக்கவில்லை. அவனே போன் செய்தான். "கேள்விப்பட்டேன். ஒன்னக் காப்பாத்த அந்த அக்கா பழிய ஏத்துக்கிச்சாமே. நல்ல மனுசி" என்று சிரித்தான். அவன் நம்பிக்கையில் ஒரு கீறல்கூட விழவில்லை. மேல்பாடி தனக்கு வேண்டியதை நம்பியது, கீழ்பாடி தனக்கு வேண்டியதை நம்பியது. எங்கள் இரண்டு பாடிகளும் காலம் காலமாக அப்படித்தானே இருக்கின்றன.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா தேங்காய் உடைத்தாள். நானும் பூத்தட்டோடு பக்கத்தில் நின்றேன். கோயிலுக்குப் போகிற நாளில் நாங்கள் எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுத் தேய்த்துக் கை கழுவுவோம், கொழுந்துக் கறை ஓரளவு விட்டுவிடும். ஆனால் ஓட்டு மை விடாது. என் நகத்தில் கோடு அப்படியே இருந்தது. சுற்றி நின்ற பெண்கள் எல்லார் நகத்திலும் இருந்தது. அக்கா இடது கையில் தேங்காயை ஏந்தி நின்றாள். அவள் ஆள்காட்டி விரல் நகம் துடைத்துவிட்டது போல வெளுப்பாக இருந்தது. கோடு இல்லை, புள்ளிகூட இல்லை.

இவள் ஓட்டே போடவில்லை!

ஒரு வாரத்துக்கு மனதுக்குள் வைத்துப் புழுங்கினேன். பிறகு ஒருநாள் மலையில் கொழுந்து பறிக்கும்போது இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து வரிசை கிடைத்தது. ஆள் யாரும் அருகில் இல்லை. ஒரு வருடம் கழித்து நானே முதலில் வாய் திறந்தேன். "அக்கா, ஒங்க விரல்ல மையே இல்லையே" என்றேன்.

அவள் பறிக்கிற கையை நிறுத்தவில்லை. சன்னமாகச் சொன்னாள்.

"பேரு இல்லடி."

முன்பிருந்த எஸ்டேட்டில் ஓட்டர் லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள், இங்கே இன்னும் சேர்க்கவில்லையாம். அன்றைக்கு எல்லாரோடும் சங்கத்து ஜீப்பில் ஏறி வந்து, ஸ்கூல் வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு, போட்டாச்சு என்று சொல்லித் திரும்பியிருக்கிறாள். உள்ளே உட்கார்ந்து லிஸ்டில் கணக்குப் பார்த்த சங்கத்து ஆட்களும் பேர் உள்ளவர்களை மட்டும்தானே தேடுவார்கள். அவள் வந்ததும் போனதும் யாருக்கும் உறைக்கவில்லை. ஏன் மறைத்தாய் என்று நான் கேட்கவில்லை. இந்த நாட்டுக் குடிமக்கள்தான் என்று ஒரு தாளை வாங்க எங்கள் பெற்றோர் எத்தனை படி ஏறி இறங்கினார்கள் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, எனக்குப் பேர் இல்லை என்று வரிசையில் நின்று எப்படிச் சொல்லுவாள்? அதுவும் எல்லாரும் அதையே கேலியாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த அன்றைக்கு.

"அப்பறம் ஏங்கா கோயில்ல அப்பிடிச் சொன்னீங்க? நம்மதான் பேசுறதே இல்லையே" என்றேன்.

"எம் பேரு இருந்திருந்தா அவனுக்குத்தான் போட்டிருப்பேன், அதனால பொய்யில்ல" என்றாள். பிறகு கூடையைச் சரிசெய்து கட்டிக்கொண்டு, "ஒம் மேல எனக்குக் கோவம் வெறகுக்குத்தான். இதுக்கில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டாள்.

நான் அங்கேயே செடிக்கு நடுவில் நின்று அழுதேன். இந்தத் தடவை வெயில் என்று சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அதற்கப்புறம் பெயர் சேர்க்கும் முகாம் ஸ்கூலில் நடந்தபோது நான் அரை நாள் லீவு போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அடுத்து வந்த தேர்தலில் அவள் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். யாருக்குப் போட்டாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோயிலில் கற்பூரம் ஏற்றிக் கும்பிடும் வழக்கத்தை என் கணவர் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார். பாடி ஓட்டு இன்றைக்கும் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் விழுகிறது. ஆனால் பெட்டி பூட்டும்போதே நம்முடையது என்று யாரும் இப்போது வாய்விட்டுச் சொல்வதில்லை.

அண்ணன் இன்னமும் வீட்டு விசேஷங்களில் என் ஓட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்லுவான். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

பூட்டு சாவிக்கு அந்த ஓட்டைப் போட்டது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் இல்லை, அவளும் இல்லை. போட்டவர்களுக்கு அவரவர் நியாயம் இருந்திருக்கும், அது அட்டை மறைப்புக்குப் பின்னாலேயே இருக்கட்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம், போடாத ஓட்டுக்காகத் தேங்காய் உடைத்த ஒருத்தியைத்தான். கவாத்து முடிந்து விறகு வரும்போதெல்லாம், அவள் பக்கம் ஒரு சாண் இடம் விட்டுத்தான் இன்றைக்கும் அடுக்குகிறேன்.